புரொபசர் காளியப்பனின் மேல்முறையீடு

காளியப்பன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு இடத்தில்தான் புரொபசராக இருந்தான். அந்த இடத்துக்குக் கதவும் கிடையாது, சன்னலும் கிடையாது. 'தாழ்வாரம்' என்று பெயர் மட்டும் இருந்தது. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் போய் உட்கார்ந்துகொண்ட நானூறு தமிழர்கள், கம்ப்யூட்டர் வழியாக ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்ட குழு அது. ஒருவர் எழுதினால் நானூறு பேருக்கும் போய்ச் சேரும். அதில் அவன் பதினாறு மாதம் புரொபசர். மற்ற நேரமெல்லாம் மைசூரில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் அட்டெண்டர்.

அட்டெண்டர் வேலை என்றால், காலையில் லேபைத் திறந்து கம்ப்யூட்டர்களின் தூசி உறைகளைக் கழற்றி மடித்து வைக்க வேண்டும். ஏ.சி.யைப் போட வேண்டும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்புக் காலோடு யாரும் போக மாட்டார்கள், மூலஸ்தானம் தோற்றது. மாணவர்கள் வாசலில் கழற்றி எறிந்துவிட்டுப் போகும் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்குவதும் அவன் வேலைதான். பி.யு.சி.யில் கணக்கில் இரண்டு முறை தோற்றவனுக்கு இது கிடைத்ததே பெரிது என்று அவனுடைய அம்மா மாதம்மா நினைத்தாள். நிழலில் வேலை, விசிறிகூட அல்ல, ஏ.சி.யே இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்பது அவள் கட்சி.

மாதம்மாவுக்கு நிழலில் வேலை என்பது கிடையாது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கர்நாடக ஊரான ஹனூரில் மழை பொய்த்த ஒரு வருடம் புருஷனோடு மைசூருக்கு வந்தவள். புருஷன் கல் குவாரியில் செத்துப்போனான். அவள் கான்கிரீட் சட்டி சுமந்தாள். விஜயநகரில் அன்று புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீடுகளில் பாதிக்கு மேல்தளம் அவள் தலை வழியாகத்தான் ஏறியது. வீட்டில் அவள் பேசுவது ஹனூர்த் தமிழ். வெளியில் கன்னடம் தவிர ஒரு வார்த்தை வராது. தொண்ணூற்று ஒன்று டிசம்பரில் காவிரித் தகராறு வந்தபோது மேட்டகள்ளியில் அவர்கள் இருந்த சந்தில் கல் விழுந்தது. அதிலிருந்து வாசலைத் தாண்டினால் தமிழை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். காளியப்பன் படித்ததும் கன்னடத்தில்தான். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பான்.

இப்படிப்பட்டவன் தாழ்வாரத்துக்குள் போனதற்குக் காரணம் மஞ்சுநாத். அவர் லேபின் இன்ஸ்ட்ரக்டர், மாண்டியாக்காரர், நல்ல மனிதர். தொண்ணூற்று ஆறில் கல்லூரிக்கு ஈமெயில் வந்தபோது, சோதித்துப் பார்ப்பதற்காகக் காளியப்பன் பெயரிலும் ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தார். தமிழ் மக்கள் எழுதிக்கொள்ளும் குழு ஒன்று இருக்கிறது, போய்ப் பார் என்று வழி காட்டியதும் அவர்தான். அங்கே எல்லாரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதினார்கள். அதனால் தமிழ் எழுதத் தெரியாத குறை யாருக்கும் தெரியவில்லை.

சிகாகோவிலிருந்து பரத் என்பவர், ஓணானுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று ஒரு நாள் கேட்டிருந்தார். எங்கள் பக்கம் ஒடக்கான் என்போம் என்று காளியப்பன் இரண்டு வரி எழுதினான். மறுநாள் பதில் வந்தது. "மதிப்பிற்குரிய புரொபசர் காளியப்பன் அவர்களுக்கு" என்று ஆரம்பித்திருந்தது.

ஈமெயில் முகவரியில் கல்லூரியின் பெயர் இருந்தது. கல்லூரியிலிருந்து ஒருவன் எழுதினால் அவன் புரொபசராகத்தான் இருப்பான் என்று சிகாகோவில் முடிவு செய்துவிட்டார்கள். செருப்பு அடுக்குகிறவன் கையிலும் ஒரு கணக்கு இருக்கலாம் என்பது அவர்கள் கற்பனைக்கு எட்டவில்லை. காளியப்பன் முதலில் சிரித்தான். பிறகு இன்னொரு முறை படித்தான். பிறகு மஞ்சுநாத் சாப்பிடப் போன நேரம் பார்த்து மறுபடியும் படித்தான். நான் புரொபசர் இல்லை, அட்டெண்டர் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், எல்லாம் அன்றே முடிந்திருக்கும். அவனுக்கு இருபத்தொரு வயது. அதுவரை யாரும் அவனை 'அவர்களுக்கு' என்று அழைத்ததில்லை. அந்த ஒரு வரியை அவன் எழுதவே இல்லை.

தாழ்வாரத்தை நடத்தியவர்கள் மூன்று பேர். பரத் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், மூன்றாமவர் சேகரன். இந்தச் சேகரன் இருந்தது மைசூர் விஜயநகரில்தான். வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ்நாட்டுக்கு வெளியே புழங்கும் வட்டாரச் சொற்களைத் திரட்டிப் புத்தகம் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. "புரொபசர், ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள், காபி சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்" என்று மாதம் ஒரு முறை எழுதுவார். இவன் பரீட்சை, கருத்தரங்கு என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பான். ஆனால் சொற்களை மட்டும் தவறாமல் அனுப்பினான்.

சொற்கள் எல்லாம் மாதம்மாவுடையவை. வேலை விட்டு வந்து அவள் களி கிண்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் கன்னட எழுத்தில் எழுதிக்கொள்வான். சுமைக்கு அடியில் தலையில் சுருட்டி வைக்கும் துணியை ஊரெல்லாம் சும்மாடு என்றால் அவள் சிம்பி என்பாள். வெந்தும் வேகாத களிக்கு ஒரு சொல் வைத்திருந்தாள், வேலைக்கு வந்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு ஒரு சொல் வைத்திருந்தாள். "இதையெல்லாம் எழுதி என்ன கண்ணு பண்ணப்போற? இது பேச்சா?" என்பாள். இருநூறுக்கு மேல் சேர்ந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெளிநாட்டுக்காரர்களுக்கு வேகாத களியில் நாட்டம் இல்லை. அவர்களுக்கு அழகான சொல் வேண்டும். "மழைக்கு முன்னால் மண்ணிலிருந்து ஒரு வாசனை வருமே, புரொபசர், உங்கள் ஊரில் அதற்கு நிச்சயம் ஒரு சொல் இருக்குமே?" என்று பரத் கேட்டார். மாதம்மாவிடம் கேட்டான். "மழை வருதுன்னு சொல்லுவோம்" என்றாள். இதை எப்படி எழுதுவது? இரண்டு நாள் யோசித்து 'மண்ணூத்தம்' என்று ஒன்றை அவனே உண்டாக்கி அனுப்பினான். தாழ்வாரமே உருகிப்போய்விட்டது. ஒருவர் கண்ணில் நீர் வந்ததாக எழுதினார். அடுத்து, சாயங்காலத்தில் வீட்டு ஞாபகம் வந்து மனம் கனக்கிறதே, அதற்குச் சொல் உண்டா என்று கேட்டார்கள். 'அந்தியிழுப்பு' என்று கொடுத்தான். இப்படிப் பதினொன்று. எல்லாம் சொந்தச் சரக்கு. மாதம்மாவின் இருநூறும் சேர்ந்து வாங்காத பாராட்டை இந்தப் பதினொன்றும் வாங்கின.

தொண்ணூற்று ஏழு டிசம்பரில் குட்டு உடைந்தது. லேப் வாசலில் குனிந்து செருப்பு அடுக்கிக்கொண்டிருந்தவன் முன்னால் இரண்டு வெள்ளை ஷூக்கள் வந்து நின்றன.

"எக்ஸ்கியூஸ் மி, புரொபசர் காளியப்பனைப் பாக்கணும். எந்த ரூம்?"

பரத். விடுமுறைக்கு வந்தவர், சொல்லாமல் வந்து அசத்தலாம் என்று நினைத்திருக்கிறார். கையில் வண்ணக் காகிதம் சுற்றிய பொட்டலம்.

"அவரு லீவுங்க சார்" என்றான் காளியப்பன்.

"எப்ப வருவார்?"

"சொல்ல முடியாதுங்க. ஊருக்குப் போயிட்டாருங்க."

அந்தச் சமயம் பார்த்து உள்ளேயிருந்து மஞ்சுநாத், பிரிண்டருக்குப் பேப்பர் போடச் சொல்லிக் கன்னடத்தில் குரல் கொடுத்தார். "காளியப்பா! பிரிண்டர்கே பேப்பர் ஹாக்கப்பா!"

பரத் கதவைப் பார்த்தார். கீழே செருப்போடு நிற்கிறவனைப் பார்த்தார். "இங்க எத்தனை காளியப்பன் இருக்காங்க?"

"நான் ஒருத்தன்தாங்க" என்றான்.

பரத் கோபப்படவில்லை. பொட்டலத்தை மட்டும் ஞாபகமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் சேகரனிடமிருந்து நாலு வரி வந்தது. ஆள்மாறாட்டம் செய்த காரணத்தால் தாழ்வாரத்துக் கணக்கு நிரந்தரமாக நிறுத்தப்படுகிறது. இதுவரை அளித்த சொற்கள் அனைத்தும் நம்பத்தகாதவை என்று தொகுப்பிலிருந்து நீக்கப்படுகின்றன. அவ்வளவுதான். அன்றைக்கும் காளியப்பன் உறைகளை மாட்டி, ஏ.சி.யை அணைத்து, பூட்டிவிட்டு வந்தான். மாதம்மாவிடம் எதையும் சொல்லவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தொண்ணூற்று ஒன்பது பிப்ரவரியில் மஞ்சுநாத் கம்ப்யூட்டரில் ஒரு செய்தியைக் காட்டினார். சேகரனின் சொல் தொகுப்பு சித்திரைக்குப் புத்தகமாக வருகிறதாம். கடைசியாக ஏதும் விடுபட்டிருந்தால் தெரிவிக்கலாமாம். கூடவே பட்டியலும் இருந்தது. காளியப்பன் தேடினான். ஒடக்கான் இருந்தது, கோயமுத்தூர்க்காரர் ஒருவர் பெயரில். மாதம்மாவின் மற்றச் சொற்களில் ஒன்றுகூட இல்லை. சிம்பி இல்லை.

அப்போதுதான் அவனுக்கு ஆத்திரம் வந்தது. பொய் சொன்னது நான், தண்டனை எனக்குச் சரி, சிம்பி என்ன பொய் சொன்னது? இருபது வருடம் அவள் தலையில் இருந்த துணி அது. அதை இல்லை என்று சொல்ல விஜயநகரில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன உரிமை? உட்கார்ந்து மேல்முறையீடு எழுதினான். நான் அட்டெண்டர், புரொபசர் இல்லை. சின்ன வயது, புத்தி இல்லை. என்னைச் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, என் அம்மாவின் சொற்களைச் சேருங்கள். அதில் பதினொன்று மட்டும் நானே கட்டியவை, அவற்றை எடுத்துவிடுங்கள் என்று பதினொன்றையும் வரிசையாக எழுதினான். கேட்காத குற்றத்தை நீயாகப் போய் எதற்கப்பா ஒப்புக்கொள்கிறாய் என்று மஞ்சுநாத் தலையில் அடித்துக்கொண்டார். அது உண்மைதான். அந்தப் பதினொன்றின் மேல் அதுவரை யாருக்கும் தனியாகச் சந்தேகமே இல்லை. பொய்யைத் தனியே பிரித்துக் கொடுத்துவிட்டால் மிச்சம் உண்மை என்று நம்புவார்கள் என்று அவன் நினைத்தான்.

சேகரன் பதில் எழுதினார். நியாயமான பதில். மூவரும் கலந்து பேசினோம், உன் வார்த்தையை இனி ஏற்க முடியாது, ஆனால் உன் தாயாரை அழைத்து வந்தால் நானே நேரில் கேட்டு டேப்பில் பதிவு செய்கிறேன், அவர் சொல்வதை ஏற்கிறோம், அப்போது நீ அறையில் இருக்கக் கூடாது. 'அவர்களுக்கு' போய் 'உன்' வந்திருந்ததைக் காளியப்பன் கவனித்தான். அதற்கு வருத்தப்படும் தகுதி தனக்கு இல்லை என்றும் நினைத்துக்கொண்டான்.

"விஜயநகர்ல ஒரு பெரியவரு, உம் பேச்சக் கேக்கணும்னு கூப்புடறாரும்மா."

"எம் பேச்சையா? எதுக்கு?"

"புஸ்தகத்துல போடறதுக்கு. ஊட்ல பேசறாப்லயே பேசு, போதும்."

"பெரிய மனுசங்க ஊட்ல போயி அப்படிப் பேசுனா காறித் துப்பமாட்டாங்களா?" என்றாள் மாதம்மா.

பதினொரு சொல் நானே கட்டிவிட்டது, அவற்றைக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நோட்டில் பொய்யைக் கலந்ததைச் சொல்ல வேண்டும், புரொபசராக இருந்ததைச் சொல்ல வேண்டும். இல்லாததைத் தெரியாது என்றுதானே சொல்லுவாள், அதற்கு எதற்குச் சொல்லிக் கொடுப்பது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு விட்டுவிட்டான். முன்பு எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியைப் போலவே இதையும் விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனார்கள். மாதம்மா தலைக்குக் குளித்து, உமேஷ் மேஸ்திரி மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். சேகரனின் மனைவி சரசு நல்ல மாதிரி. உள்ளே கூப்பிட்டுச் சோபாவில் உட்காரச் சொன்னாள். மாதம்மா தரையில் உட்கார்ந்தாள். காளியப்பனுக்கு வராந்தாவில் ஒரு நாற்காலி. சன்னல் திறந்திருந்தது, எல்லாம் கேட்டது.

டேப் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்ததும் மாதம்மாவின் குரல் மாறிவிட்டது. "நமஸ்கார சாமி" என்று கன்னடத்தில் தொடங்கினாள்.

"தமிழ்லயே பேசுங்கம்மா, பயப்படாதீங்க" என்றார் சேகரன்.

"ஆகட்டுங்க சாமி."

"தலையில சுமை வைக்கிறப்ப அடியில ஒரு துணி வைப்பீங்களே, அதை எப்படிச் சொல்லுவீங்க?"

"சும்மாடுங்க சாமி."

"சிம்பின்னு சொல்றது உண்டா?"

தன் வீட்டுப் பேச்சு இந்தப் பெரிய மனிதர் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது, அதைக் குத்திக்காட்டுகிறார் என்று மாதம்மா நினைத்தாள். "அதெல்லாம் கன்னடத்துக்காரங்க சொல்றதுங்க. நாங்க அப்படிப் பேசமாட்டோமுங்க."

வராந்தாவில் காளியப்பன் எழுந்து நின்றான்.

வேகாத களியைக் கேட்டார். அப்படி ஒரு சொல் கேள்விப்பட்டதே இல்லை என்றாள். சுவரோடு ஒட்டி நிற்கிற சோம்பேறியைக் கேட்டார். "அய்யய்யோ, அது கெட்ட வார்த்தைங்க சாமி." ஒவ்வொன்றாகத் தன் வாயில் தினமும் புழங்கும் சொற்களை எல்லாம், வீட்டுக்கு ஆள் வரும்போது கிழிந்த துணிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறவளைப் போல், அவசர அவசரமாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். முப்பது சொல்லுக்கு மேல் கேட்டார். முப்பதுக்கும் இல்லை.

சேகரனுக்கும் அலுத்துவிட்டது. கடைசியாகக் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "மழைக்கு முன்னாடி மண் வாசனை வருமே. அதை மண்ணூத்தம்னு சொல்றது உண்டாம்மா?" அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவரையறியாமல் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவருக்கும் பிடித்த சொல்தான் அது.

கட்டட வேலையில் இன்ஜினியர் சிரித்துக்கொண்டே எதையாவது கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மாதம்மாவுக்குத் தெரியும். இருபது வருடம் சொன்ன பதில்.

"ஆமாங்க சாமி. அப்படித்தானுங்க சொல்லுவோம்."

"அந்தியிழுப்பு?"

"அதுவும் உண்டுங்க சாமி. எங்கம்மா சொல்லுமுங்க."

சேகரன் டேப்பை நிறுத்திவிட்டு வராந்தாவுக்கு வந்தார். பின்னாலேயே மாதம்மாவும் வந்து கதவோரம் நின்றாள். வேலை முடிந்த முகம், நன்றாக முடித்த முகம்.

"ஏம்ப்பா, நீ நிஜம்னு எழுதினதையெல்லாம் உங்கம்மா இல்லைங்கறாங்க. பொய்யின்னு எழுதிக் குடுத்ததை உண்டுங்கறாங்க. மன்னிப்புக் கடிதத்துல கூடவா பொய் எழுதுவே?"

"சார், அந்தப் பதினொண்ணும் நான் கட்டுனதுதாங்க. அம்மா மரியாதைக்குச் சொல்லுதுங்க சார்."

சேகரன் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். வருத்தத்தோடுதான் கேட்டார். "அப்ப உங்கம்மா பொய் சொல்றாங்கன்னு என் முன்னாடி, அவங்க முன்னாடி சொல்றியா?"

மாதம்மா மகனைப் பார்த்தாள். என்ன தப்பு நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்பது மட்டும் முகத்தில் வரத் தொடங்கியிருந்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க சார்" என்றான் காளியப்பன். "அம்மா சொன்னதுதாங்க சரி."

மேல்முறையீடு தள்ளுபடி என்று செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. விசாரணைக்குப் பிறகும் உண்மை பேச மறுத்ததால் இனி எந்த விண்ணப்பமும் ஏற்கப்படாது என்றும் அதில் இருந்தது. காளியப்பன் அதைப் படித்துவிட்டு அழித்தான். பிறகு மஞ்சுநாத்திடம் சொல்லித் தன் பெயரில் இருந்த கல்லூரிக் கணக்கையும் மூடச் சொன்னான். எதற்கு என்று அவர் கேட்டார். வேலை செய்கிற நேரத்தில் கவனம் சிதறுகிறது என்றான்.

சித்திரையில் புத்தகம் வந்தது. சேகரன் ஒரு பிரதியைக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தார், காளியப்பனுக்கு இல்லை, மாதம்மாவுக்கு. வீட்டுக்கு எடுத்துப்போய் மணிக்கணக்கில் எழுத்துக் கூட்டித் தேடினான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. மண்ணூத்தம். பொருள் போட்டு, கீழே, 'தகவல்: திருமதி மாதம்மா, ஹனூர்' என்று அச்சடித்திருந்தார்கள். அந்தியிழுப்புக்கும் அதே பெயர். வேறெங்கும் அந்தப் பெயர் இல்லை. அவன் சொன்ன இரண்டு பொய்கள், அவள் பெயரில், கெட்டி அட்டைக்குள் உட்கார்ந்துவிட்டன.

மாதம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் பெயர் எது என்று கேட்டாள். அவன் விரலால் காட்டினான். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன கண்ணு எழுதியிருக்காங்க?"

"நீ சொன்னதத்தாம்மா போட்டிருக்காங்க" என்றான் காளியப்பன்.